மயில்கழுத்து நிறப் பீரோ

மதுரையில் வேலை பார்த்த காலம் முழுக்க, காற்று எங்கிருந்து வருகிறது என்று அருஞ்சுனை ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கே ஒரு பீரோ கம்பெனியில் அவன் ஸ்ப்ரே பெயிண்டர். பெயிண்ட் அடிக்கிற கூடத்துச் சுவரில் வரிசையாகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தன்னுடைய ஸ்ப்ரே கன்னின் ஹோஸை அதில் ஒன்றில் மாட்டி விசையை அழுத்தினால், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சீராகக் காற்று வரும். சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். வீடு நடந்ததும் அப்படித்தான். அதை அவன் மனைவி தங்கமாரி பார்த்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் தங்கமாரி மஞ்சள்காமாலை வந்து இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அதே வாடகை வீட்டில் இருந்து பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் குழம்பு கொடுத்தார்கள், பிறகு விசாரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் அவரவர் பாடு இருந்தது. சொந்த ஊருக்கே போய்விட்டால் நாலு மனுசமக்க முகத்தையாவது பார்க்கலாம் என்று எண்பத்தொன்பதாம் வருஷம் அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தான். ஊர் அப்படியே இருந்தது. அவனைத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பந்தல்குடியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பேரன் பேத்தி வந்துவிட்டார்கள். போனால் சோறு போடுவாள், ஆனால் அவனிடம் உட்கார்ந்து பேச அவளுக்கு நேரமிருக்காது.

திருச்சுழி ரோட்டில், விசைத்தறி ஓடுகிற ஒரு கொட்டகையை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தான். வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஒரு நேரம் பொங்கி மூன்று நேரம் சாப்பிட்டான். சாயங்காலம் டீக்கடையிலிருந்து திரும்பினால் மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகிற வரைக்கும் வாய் திறக்க வேலையில்லை. தறிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று ஆரம்பத்தில் பயந்தான். கொஞ்ச நாளில் கரண்ட்டு போய்ச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு விழித்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பஞ்சர்க்கடையை மூடிக்கொண்டு போன ஒருவரிடமிருந்து பழைய கம்ப்ரசர் ஒன்றை வாங்கியிருந்தான். அரைக் குதிரைசக்தி மோட்டார், பால்கேன் அளவுக்கு ஒரு டேங்கு. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்றுப் பிடித்த சாமான். அதில் மதுரையிலிருந்து கொண்டுவந்த தன் பெரிய கன்னை மாட்டி ஜன்னல் கிராதி, மடக்கு நாற்காலி, சைக்கிள் பாடி என்று அடித்தான். எல்லாம் கம்பிச் சாமான்கள். ஒரு கம்பிக்கு அடிக்க வேண்டியது, நிறுத்த வேண்டியது, திருப்ப வேண்டியது. திருப்புகிற நேரத்துக்குள் டேங்கு நிரம்பிவிடும். அதனால் ஒரு குறையும் அவன் கண்ணில் படவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரும்புச் சாமான் கடை ஜெயக்குமார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் கடைக்குப் பின்னால் பட்டறை போட்டு பீரோ செய்கிறவர் அவர். பெயிண்டுக்கு மட்டும் விருதுநகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, நீ மதுரையில பீரோவுக்குத்தான அடிச்ச? இந்தா இந்த டீச்சரு ஒண்ணு கேக்குறாக. நம்மகிட்ட இருக்கிற சாம்பக் கலரும் காப்பிக் கலரும் வேண்டாமாம். நீயே பேசிக்க."

"டீச்சர் இல்லைங்க. சத்துணவு அமைப்பாளர்," என்றாள் அவள். பெயர் முத்துத்தாய். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திருச்சுழிக்கு அந்தப்பக்கம் குண்டாற்றங்கரையில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. தோள்பையிலிருந்து ரவிக்கைத் துணி வெட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மயில்கழுத்து நிறம். "இந்தக் கலரு வருமா?"

நீலத்தில் கொஞ்சம் பச்சையை விட்டால் வரும் என்று கணக்குப் போட்டபடி, "வரும்," என்றான். "கல்யாணச் சீருக்கா?"

"இல்ல. எனக்குத்தான்."

ஜெயக்குமார் ரோட்டைப் பார்த்தார். தனக்கென்று ஒரு பெண் பீரோ வாங்குவதை அருஞ்சுனையும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. துணி வெட்டை வாங்கி ஆணியில் மாட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னான்.

மறுநாளே பீரோ வந்திறங்கியது. தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து முடித்தான். புதன்கிழமை வண்ணத்தைக் கலந்து கன்னில் ஊற்றி, பக்கவாட்டுத் தகட்டில் மேலிருந்து ஆரம்பித்தான். முதல் நான்கு வீச்சு மதுரையில் விழுந்த மாதிரியே பட்டாக விழுந்தது. ஐந்தாவது வீச்சில் கன் இருமியது. புகையாக வர வேண்டிய பெயிண்ட் துளித்துளியாகத் தெறித்தது. கம்ப்ரசரைத் திரும்பிப் பார்த்தான். நாற்பது பவுண்டில் நிற்க வேண்டிய காற்றழுத்த முள் இருபதுக்குக் கீழே படுத்திருந்தது. மோட்டார் என்னவோ மூச்சுமுட்ட ஓடிக்கொண்டுதான் இருந்தது. முள் ஏறும் வரை நின்றான், அடித்தான், மறுபடி நின்றான். முடித்துவிட்டுப் பார்த்தபோது தகடு முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருந்தது. கிராதிக் கம்பியில் இதெல்லாம் தெரியாது. பீரோத் தகட்டில் ஒளிக்க இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துத்தாய் வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல, இது கெட்டுப்போச்சு. தேச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும். அடுத்த வாரம் வந்துருங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றாள். அவன் ஓடிப்போய் டீ வாங்கிவந்தான். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். முட்டை போடுகிற நாளில் மட்டும் காய்ச்சல் குணமாகிவிடுகிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னபோது இவன் சத்தமாகச் சிரித்துவிட்டான். கொட்டகைக்குள் தன் சிரிப்பே அவனுக்குப் புதிதாகக் கேட்டது. டேங்கு சின்னதாக இருப்பதுதான் கோளாறு என்று அவளிடம் விளக்கினான். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் லாரிப் பட்டறை ஒன்றில் பிரேக்குக்குக் காற்றுச் சேர்த்துவைக்கிற பழைய டேங்கு ஒன்றை வாங்கி, வெல்டிங் வைத்துக் கம்ப்ரசரோடு சேர்த்தான். இப்போது இரண்டு மடங்குக் காற்று என்று மனசுக்குள் ஒரு தெம்பு. முன்பு நான்கு வீச்சு வந்தது, இப்போது ஒரு பக்கம் முழுக்க வந்தது. ஆனால் அந்தக் காற்று தீர்ந்ததும் பெரிய டேங்கு நிரம்புவதற்குள் ஒரு பீடி குடித்து முடித்து இன்னொன்றும் பற்றவைக்கலாம். அதற்குள் அடித்த இடம் இறுகிவிட, மேற்கொண்டு அடித்த இடம் தையல் போட்ட மாதிரி கோடு விழுந்து நின்றது. போதாக்குறைக்கு, ஓயாமல் ஓடிச் சூடான கம்ப்ரசர் டேங்குக்குள் தண்ணீரை இறக்கிவிட்டது. அந்தத் தண்ணீர் காற்றோடு வந்து கதவு முழுக்க ஊசிக் குத்துப் போல ஓட்டை ஓட்டையாக வைத்துவிட்டது.

அவள் வந்து பார்த்தாள். "இன்னும் ஒரு வாரமா?" என்றாள். அதில் கோபம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவளே டீ வாங்கிவரச் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தன் கதையைச் சொன்னாள். அப்பா அம்மா போனபிறகு அண்ணன் பாண்டிராஜ் வீட்டில் வளர்ந்தவள். அண்ணன் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவளும் அவள்தான். அவளுக்கு வந்த சம்பந்தங்கள் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போக, ஒரு கட்டத்துக்குமேல் யாரும் பேச்செடுக்கவில்லை. அண்ணனுக்கு மருமகள் வரப்போகிறாள் என்றதும் வீட்டில் இடம் பற்றவில்லை. போன சித்திரையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாக வந்தாளாம்.

"உங்க வீட்டுல?" என்று கேட்டாள்.

"தங்கமாரின்னு பேரு. இல்ல இப்ப," என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கமாரியின் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவள் போனபிறகு ஒன்று உறைத்தது. ரோட்டில் போகிற பெண்கள் எல்லோரும் அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். கிராதி அடிக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அதுதான். வேலையையும் விடவில்லை. டேங்கின் அடியில் திருகு வைத்துத் தினமும் தண்ணீரைத் திறந்துவிட்டான். கம்ப்ரசரை வேகமாக ஓட்ட மோட்டாரில் பெரிய கப்பி மாட்டிப் பார்த்தான். பெல்ட்டு கருகி நாற்றமடித்தது. பெரிய கம்ப்ரசர் வாங்க அவனுக்கு வழியில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னாலேயே அடித்துக்காட்டினான். கன் சீறியது, கொஞ்ச நேரத்தில் இருமியது. முள் விழுந்தது. அவள் முள்ளையும் கன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மிசினு சும்மா நிக்குதா, வேல செய்யுதா?"

"வேல செய்யத்தான் செய்யுது. பத்தல."

"எங்க ஊருல கோடையில ஆத்துக்குள்ள ஊத்துத் தோண்டித்தான் தண்ணி எடுப்போம்," என்றாள். "ஊத்துல வாளியப் போட்டா ஒரு வாளி வரும், அப்புறம் கலங்கிப்போயி ஒண்ணும் வராது. செரட்டைய வச்சு மோந்தா, மோக்க மோக்க ஊறிக்கிட்டே இருக்கும். நீங்க எதுக்கு வாளியப் போடுறீக? இதவிடச் சின்னதா இல்லையா?"

அருஞ்சுனை கையிலிருந்த கன்னைப் பார்த்தான். மதுரைச் சுவருக்குப் பின்னால் ஓடிய கம்ப்ரசருக்கு ஏற்ற கன் அது. ஒரு நிமிஷத்துக்கு அது குடிக்கிற காற்றில் கால்வாசிகூட இந்த அரைக் குதிரை மோட்டாரால் கொடுக்க முடியாது. எத்தனை டேங்கை ஒட்டவைத்தாலும் சேர்த்துவைக்கத்தான் முடியும், ஊற்று பெருகாது. இத்தனை வாரமும் கம்ப்ரசரைக் கன்னுக்குச் சமமாக ஆக்கத்தான் மல்லுக்கட்டியிருக்கிறான். கன்னைக் கம்ப்ரசருக்குச் சமமாக இறக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பீரோவில் விழும் கீறலைச் சரிசெய்ய, மதுரையில் அவன் வைத்திருந்த சின்னக் கன் ஒன்று தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ஆழாக்குப் பெயிண்ட் பிடிக்கும். ஊசிமுனை போல ஓட்டை. அதைக் கழுவி, ஹோஸை மாட்டி, பழைய தகடு ஒன்றில் அடித்துப் பார்த்தான். மூன்று விரல் அகலத்துக்குத்தான் பட்டை விழுந்தது. ஆனால் முள் நாற்பதுக்குப் பக்கத்தில் நின்றது. அடிக்க அடிக்க நின்றது. இருவரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வந்துருச்சு," என்றாள்.

"வந்துருச்சு," என்றான்.

மெதுவாகக் காய்கிற சிந்தடிக் பெயிண்டாகக் கலந்துகொண்டான். ஒரு பட்டை இறுகுவதற்குள் அடுத்த பட்டை அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தறிகள் முழுசாக ஓட ஆரம்பித்துவிட்டால் வோல்ட்டேஜ் இறங்கும் என்று, அதற்கு முந்திய விடியல்களில் அடித்தான். ஆடிக் காற்று புழுதி கிளப்புவதால் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு விடியல். கடைசியில் கண்ணாடி பதித்த கதவை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். மதுரையில் நாளெல்லாம் அடித்த எதுவும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. சந்தோஷப்பட்டான். பிறகு ஸ்டூல் கண்ணில் பட்டது. இனி அவள் வர ஒரு காரணமும் இல்லை.

ஒரு கதவில் மட்டும் கீறல் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். நினைத்ததற்கே வெட்கப்பட்டுக்கொண்டு பழைய வேட்டியை எடுத்துப் பீரோவுக்குப் போர்த்தினான்.

அவள் வந்து, துணி வெட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கதவில் வைத்துப் பார்த்தாள். துணி எது, தகடு எது என்று தெரியவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஜெயக்குமார் அனுப்பிய லோடு வேனில் அன்றைக்கே பீரோ போயிற்று. வேன் டிரைவருக்குப் பக்கத்தில் அவளும் ஏறிக்கொண்டாள். "வாரேங்க," என்று சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அந்தப் பீரோவைப் பார்த்துவிட்டு ஜெயக்குமார் மற்ற பீரோக்களையும் அவனிடமே அனுப்பத் தொடங்கினார். வேலைக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், திருச்சுழி பஸ் வருகிற நேரத்துக்குக் கை தானாக மோட்டாரை நிறுத்தியது. நிறுத்திவிட்டு, எதற்கு நிறுத்தினோம் என்று மறுபடி போட்டான்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து கரிசல் மணக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கால் கிலோ காரச்சேவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். திருச்சுழியில் இறங்கி வேறு பஸ் மாறினான். ஊரில் அவள் வீட்டை விசாரிப்பது சிரமமாக இல்லை. "தனியா இருக்காகளே, அவுகளா?" என்று கேட்டுக் கை காட்டினார்கள்.

வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தாள். "வாங்க, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"பெயிண்டு எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு."

அறையில் சாமான்கள் அதிகமில்லை. பீரோதான் அறையாக இருந்தது. அவள் கதவைத் திறந்துகாட்டினாள். மேல்தட்டில் மடித்த சேலைகள், அடுத்த தட்டில் ரெண்டு போர்வை, ஒரு டிரான்சிஸ்டர். மற்ற தட்டுகள் காலியாக இருந்தன. கதவு ஓரங்களை விரலால் தடவி, "நல்லா நிக்குது," என்றான். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சுளகை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குடித்து முடித்தபிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் இருந்தான்.

"டீச்சர், ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"நானும் தனியாளு. நீங்களும் தனியாளு. ரெண்டு பேரும் சேந்து இருந்தா என்னன்னு தோணுச்சு. மொறையா, கோயில்ல வச்சு."

அவள் தலையைக் குனிந்துகொள்ளவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சுளகை ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்ற தனியும் என் தனியும் ஒண்ணில்லைங்க," என்றாள். "உங்களுக்கு இருந்த ஆளு போயிட்டாக. அது எனக்குப் புரியுது. எனக்கு அப்படியில்ல. அண்ணன் வீட்டுல ஒம்பது பேருக்கு நடுவுல கெடந்தேன். என் சேலைய எவளாவது கட்டிக்கிட்டுப் போயிருவா. படுக்கச் சுவரோரம் ஒரு பாய் எடம். நான் எப்பத் தூங்கணும், எப்ப எந்திரிக்கணுங்கிறத வேற ஆளுக சொல்லுவாக. இப்பத்தான் இந்தக் கதவ நானே தெறக்குறேன், நானே பூட்டுறேன். இது கெடைக்க எனக்கு இம்புட்டு வயசாச்சு. இத விட முடியாதுங்க."

அருஞ்சுனை டம்ளரைக் கீழே வைத்தான். "சரிங்க," என்றான்.

"உங்க கொட்டகைக்கு வந்து போனது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். பீரோ சீக்கிரம் முடிஞ்சிருச்சேன்னுகூட நெனச்சேன். ஆனா அது வேற, இது வேற."

பஸ் வருகிற நேரத்தை அவளே சொன்னாள். சேவுப் பொட்டலத்தில் பாதியைத் தன் டப்பாவில் கொட்டிக்கொண்டு, மீதியைப் பஸ்ஸில் சாப்பிடும்படி அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். தெருமுனை வரை கூட வந்தாள். பார்க்கிறவர்களைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. இருபுறமும் விதைத்துவிட்டுப் போட்டிருந்த கரிசல் காடுகள், இடையிடையே சீமைக்கருவேல், எங்கேயாவது ஒரு ஆட்டுக்கூட்டம். அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தவறென்று சொல்ல முடியாததுதான் அவனுக்குப் பெரும்பாரமாக இருந்தது. அவள் பொய்யாக ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

அருப்புக்கோட்டையில் இறங்கி நடந்தபோது டீக்கடை இருளாண்டி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "என்னண்ணே, வெள்ளையும் சொள்ளையுமா, எந்த ஊரு விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. ஒரு பீரோ பாக்கப் போனேன்."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். வழக்கமாக நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறவன் அன்றைக்கு உட்கார்ந்ததை இருளாண்டி கவனித்தானோ என்னவோ, டீயைக் கையில் கொடுத்துவிட்டு மழையைப் பற்றியும், பெண்டாட்டிக்குப் பல்வலி என்றும் பேச ஆரம்பித்தான். அருஞ்சுனை கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கடையில் விளக்குப் போட்ட பிறகுதான் எழுந்தான். கொட்டகையில் ஜெயக்குமார் அனுப்பிய இரண்டு பீரோக்கள் பிரைமர் காய்ந்து நின்றன. விடியலில் அடிக்க வேண்டும் என்று, டேங்கின் திருகைத் திறந்து உள்ளே சேர்ந்திருந்த தண்ணீரை வடியவிட்டான்.